மியூவான் பிடிக்கப் பெட்டி கட்டினோம்

துகள் உணர்கருவி கட்டுகிற தொழிலில் முதல் கஷ்டமே, "என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்பவருக்குப் பதில் சொல்வதுதான். செய்கிற வேலையை வீட்டிலும் தெருவிலும் விளக்க முடியாமல் விழிக்கிற அன்பர்கள் யாராக இருந்தாலும், நீங்களும் நம்ம கட்சி. வாருங்கள், உட்காருங்கள்.

நான் பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லித் தருகிறேன். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் நம் காற்று மண்டலத்தில் மோதும்போது மியூவான் என்றொரு நுண்துகள் பிறக்கிறது. அது இரவு பகல் பார்க்காமல் நம் தலையில் விழுந்து, உடம்பைத் துளைத்துக்கொண்டு தரைக்குள் போய்விடுகிறது. வலிக்காது, தெரியாது. வெட்டவெளியில் எவ்வளவு விழுகிறது, பாறைக்குள் எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளக்க ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையம் சில கல்லூரிகளைச் சேர்த்துக்கொண்டது. எங்கள் கல்லூரியில் அதற்குக் கை தூக்கியவர்கள் இரண்டு பேர். ஒன்று நான். இன்னொன்று எலெக்ட்ரானிக்ஸ் துறை பாத்திமா. நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

கருவி கேட்பதற்கு எளிது. இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவே மெல்லிய இடைவெளி, அதற்குள் வாயு. கண்ணாடியின் வெளிப்பக்கம் கிராஃபைட் பூச்சு, அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம். மியூவான் நுழைந்தால் வாயுவில் ஒரு சின்ன மின்துடிப்பு உண்டாகும். அதைச் செம்புப் பட்டைகளில் பிடித்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பினால் முடிந்தது. எழுதினால் ஒரு பத்தி. கட்டினால்தான் தெரியும்.

மீன் இல்லாத தொட்டி

கண்ணாடிக்காகப் போன இடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஷாஜகான் பாய் கடை. ஜன்னல், ஷோகேஸ், மீன் தொட்டி எல்லாம் செய்கிறவர். ஒரு ஆள் கையை விரித்தால் எவ்வளவோ அவ்வளவு பெரிய தகடு வேண்டும், கீறல் கூடாது, ஓரத்தில் பொக்கை கூடாது, விரல் ரேகைகூடக் கூடாது என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவர் டீ வரவழைத்தார். "ரெண்டு கண்ணாடிய ஒட்டி நாலு பக்கமும் அடைக்கணும். அப்ப மீன் தொட்டிதானேம்மா?" என்றார். மீன் இல்லை பாய் என்றேன். "கலர் மீன் வேணாமா, சரி, வாஸ்து மீன்?" என்றார்.

நான் உட்கார்ந்து முழுக்கதையையும் சொன்னேன். வானம், கதிர், துகள், துளைத்துக்கொண்டு போவது எல்லாம். பாதியில் இரண்டு வாடிக்கையாளர்கள் வந்து நின்றார்கள். அவர்களையும் உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டார். பிறகு கடைப்பையன்கள் யாரையும் தொடவிடாமல் தானே வெட்டினார். முதல் தகடு மேஜையிலிருந்து இறக்கும்போதே விரிசல் விட்டுவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அவர் அதை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்து, மேஜைமேல் தன் தொழுகை விரிப்புக்கு வாங்கி வைத்திருந்த புதுத் துணியை விரித்து அதன்மேல் வெட்டினார். எல்லாம் முடிந்து, காகிதம் சுற்றி, கயிறு கட்டி, ஆட்டோவில் ஏற்றிவிட்டுக் குனிந்து மெதுவாகக் கேட்டார்:

"மீன் வேணாம்னா வேணாம்மா. தண்ணியாவது ஊத்துவீங்கள்ல?"

பளபளப்பு கூடாது

அடுத்தது கிராஃபைட் பூச்சு. எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஓர் இடத்தில் தடிப்பும் ஓர் இடத்தில் மெலிவுமாக இருந்தால் மின்சாரம் சரியாகப் பரவாது. துறையூர் ரோட்டில் கார்களுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கும் சேகரிடம் போனோம். பட்டறையில் ஒரு கல்யாணக் கார் நின்றிருந்தது. அதைத் தள்ளி நிறுத்திவிட்டு எங்கள் கண்ணாடியை ஸ்டாண்டில் வைத்தார்.

முதல் முறை அடித்தார். மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் சம்பந்தமே இல்லை. துடைத்துவிட்டு மறுபடி அடித்தார். இந்த முறை வேறு மூலை தகராறு செய்தது. காரணம் அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பெயிண்டைக் கொஞ்சம் நீர்க்க வைத்துப் பார்த்தோம், ஸ்ப்ரே துப்பாக்கியைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தோம், கண்ணாடியைப் படுக்கவைத்தும் பார்த்தோம். வாரக்கணக்கில் கல்லூரி விட்டதும் நேராகப் பட்டறைக்குத்தான் போனேன். முகமெல்லாம் கரியோடு வீட்டுக்குப் போனால் என் கணவர் கதவைத் திறந்துவிட்டு ஒருகணம் யோசித்துத்தான் வழி விடுவார். சேகர் ஒரு நாள்கூட 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று சொல்லவில்லை. கடைசியில் ஒரு சாயங்காலம் மீட்டரை எங்கே வைத்தாலும் கிட்டத்தட்ட ஒரே எண் வந்தது. நான் குதித்தேன். கருகருவென்று, ஒளியே இல்லாமல், கரும்பலகை மாதிரி இருந்த அந்தக் கண்ணாடியை சேகர் ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார்.

"பளபளன்னு இல்லன்னு சண்டைக்கு வந்தவங்களத்தான் மேடம் பார்த்திருக்கேன். மங்கிப் போயிருக்குன்னு குதிக்கிற மொத ஆளு நீங்கதான்."

நோன்பும் சோப்புத் தண்ணியும்

பெட்டியை ஒட்டிய பிறகு வாயு கசிகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே லேசாக வாயுவை ஏற்றிவிட்டு, வளைந்த குழாயில் கலர் தண்ணீர் ஊற்றி இணைத்து வைப்போம். தண்ணீர் மட்டம் அப்படியே நின்றால் பெட்டி நல்ல பெட்டி. எங்கள் தண்ணீர் நிற்கவே இல்லை. ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒருவர் போனில் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். வரும் மாதம் வந்து பார்ப்பார்களாம். அதற்குள் பெட்டி வாயுவைத் தாங்காவிட்டால், எங்கள் பங்கை வேறு கல்லூரிக்குக் கொடுப்பதைத் தவிர வழியில்லையாம். போனை வைத்துவிட்டு நானும் பாத்திமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அப்போது ரம்ஜான் மாதம். வெயில் கொளுத்துகிறது. ஃபேன் போட்டால் சோப்பு நுரை கலையும், அதனால் ஃபேனும் கிடையாது. பாத்திமா நோன்போடு, ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல், சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டுத் தொட்டு ஓரமெல்லாம் தடவி, முகத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பாள். நான் பார்க்கிறேன், நீ போய் உட்காரு என்றால் கேட்க மாட்டாள். ஒரு மூலையை அடைத்தால் இன்னொரு மூலை. அதையும் அடைத்தால் வாயுக் குழாய் நுழையும் இடம். கடைசியாக வடகிழக்கு மூலையில் கடுகளவு ஒரு குமிழி ஊதியது. அந்த இடத்துப் பழைய பசையைச் சுரண்டி எடுத்துப் புதுப் பசை போட்டுக் காயவைத்தோம். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் கலர் தண்ணீர் முந்தின நாள் போட்ட கோட்டிலேயே நின்றது. நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் அந்த மூலையைத்தான் முறைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த நோன்புல நான் கேட்ட துஆவுல பாதி இந்த மூலைக்கே போயிடுச்சுடி. மிச்சத்துலதான் எம்புள்ளைங்களுக்குப் பங்கு."

அம்மா வந்து பார்த்தது

பெட்டி வேலை செய்யத் தொடங்கியதும் அம்மாவை ஆய்வகத்துக்கு அழைத்து வந்தேன். அம்மா குன்னம் பக்கம் பருத்திக் காட்டிலும் வெங்காயக் காட்டிலும் கூலிக்குப் போய் என்னைப் படிக்கவைத்தவர். யார் வீட்டு வாசலில் எங்கே நிற்க வேண்டும், எந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அவருக்குச் சின்ன வயதிலேயே பாடமாகியிருந்தது. கல்லூரி வாசலில்கூட ஒரு நொடி தயங்கித்தான் உள்ளே வந்தார்.

திரையில் புள்ளி புள்ளியாக விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு மியூவான் என்றேன். "இது எங்கேருந்து வருது?" என்றார். மேலேருந்து என்றேன். "நம்ம மேலயும் வுழுவுதா?" ஆமாம்மா, எல்லார் மேலயும் விழுது. "கலெக்டர் மேல?" அவர் மேலயும். "எங்க பண்ணையார் மேல?" அவர் மேலயும்தாம்மா. உள்ளங்கையை நீட்டினா சராசரியா நொடிக்கு ஒண்ணு போவும். கொஞ்சம் சந்தேகத்தோடு உள்ளங்கையைப் பெட்டிக்கு மேலே நீட்டினார். காய்ப்பு ஏறிய கை. பாத்திமா டீ கொண்டுவந்து வைத்தாள், ஆறியது, அம்மா கையை எடுக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஆளு பார்த்து வுழுவாத ஒண்ணு இருக்குன்னு இன்னிக்குத்தான் பார்க்கறேன். நல்லா கட்டு தங்கம்."

குட்டியானை

பார்வையிட வந்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள். இனிப் பாறைக்குள் வைத்து அளக்க வேண்டும். அரியலூர்ப் பக்கம், ரெட்டிபாளையம் தாண்டி, பல வருஷமாக வேலை நடக்காத ஒரு சுண்ணாம்புக்கல் பள்ளம் இருக்கிறது. அதன் ஓரத்தில், ஒரு காலத்தில் வெடிமருந்து வைப்பதற்காகப் பாறையைக் குடைந்து கட்டிய ஓர் அறை. அனுமதி வாங்கியாகிவிட்டது. கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுபோக வேண்டும். சின்ன வெங்காயம் ஏற்றும் குட்டியானை வண்டி ஓட்டும் பாலுவைப் பிடித்தோம்.

வெங்காயச் சாக்கு விரித்துக்கொள்ளலாம் என்றுதான் பேச்சு. காலையில் வந்து பார்த்தால் வண்டிக்குள் இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகள். கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் செய்து போட்டவையாம். வேண்டாம் பாலு, அழுக்காகும் என்றேன். "கண்ணாடின்னீங்க, கட்டினதும் நீங்களேன்னீங்க. சாக்குல எப்புடி மேடம் படுக்க வைக்கறது?" என்று முடித்துவிட்டார். வழியெல்லாம் பள்ளம். எதிரேயும் பின்னேயும் சிமெண்ட் லாரிகள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து, திட்டி, ஒதுங்கிப் போனார்கள். ஒரு சைக்கிள்காரர்கூட எங்களை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பாலு ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டியை நிறுத்தி, மூச்சைப் பிடித்து, இறக்கி, ஏற்றினார். போய்ச் சேர்ந்தபோது ஒரு கீறல்கூட இல்லை. நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எம் பொண்டாட்டிய பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போனப்பகூட இவ்ளோ பதமா ஓட்டல மேடம். தயவுபண்ணி அவ காதுல போட்டுடாதீங்க."

மேலே இருக்கிறதும் கீழே இருக்கிறதும்

பெட்டியை இறக்கவே விடவில்லை. பள்ளத்துக்குப் போகும் பாதையின் குறுக்கே ஓர் அம்மாள் உட்கார்ந்துவிட்டார். பெயர் அஞ்சலை. பள்ளத்தை ஒட்டி அவருக்குக் கொஞ்சம் மக்காச்சோளக் காடு. அவருக்குப் பின்னால் ஊரிலிருந்து ஆணும் பெண்ணுமாக வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள். "எவன் மொதல்ல மெஷின தூக்கிட்டு வர்றானோ, அவனுக்குப் பின்னாடியே நெலத்த அளக்க ஆளு வருது. இதே பள்ளம் எங்க மாமனாரோட காடா இருந்ததுதான்" என்றார் அஞ்சலை. அவர் சொன்னதில் என்ன தப்பு? பூமிக்கடியில் எது இருந்தாலும் அது மேலே குடியிருப்பவர்களுக்குத் தொல்லைதான் என்பதை அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அனுமதிக் காகிதத்தை எடுக்கப் போன என் கையை பாத்திமா பிடித்து நிறுத்தினாள். இருவரும் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தோம். அவர் கேட்டார், நாங்கள் சொன்னோம். தோண்டுவீங்களா? இல்லைங்க. குழாய் எறக்குவீங்களா? இல்லைங்க. பூமிக்குள்ள என்ன இருக்குன்னு இந்தப் பெட்டி காட்டுமா? இதற்குத்தான் நான் யோசித்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பாறைக்குள் என்ன இருக்கிறது என்று இந்த முறையில் ஓரளவு பார்க்க முடியும். அதை மறைக்க எனக்கு மனசில்லை. "பெட்டிக்கு மேல எவ்ளோ பாறை இருக்குன்னு காட்டும். கீழ என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாதுங்க. வர்றது மேலேருந்துதான்" என்றேன். மியூவான் விழும்போதெல்லாம் சத்தம் போட்டு எண்ணுகிற சின்னக் கருவி ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருந்தோம், அதைப் போட்டுக் காட்டினோம். அது 'டிக், டிக்' என்றது. கவிழ்த்துப் பிடி என்றார், பிடித்தோம். தன் சோளக் காட்டுக்குள் கொண்டுவந்து வை என்றார், வைத்தோம். எங்கே வைத்தாலும் அதே டிக் டிக். கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். அஞ்சலை சிரிக்கவில்லை. அறைச் சாவி தன்னிடம்தான் இருக்க வேண்டும், தனக்குத் தெரியாமல் யாரும் உள்ளே போகக் கூடாது என்றார். உடனே கொடுத்தோம். அதை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்து வழி விட்டார்.

"மேலேருந்து வர்றத எவ்ளோ வேணா எடுத்துக்கங்க. கீழ இருக்கறது எங்களுது."

மழை

கருவியைப் பொருத்தினோம். அஞ்சலை தினமும் வந்து பார்ப்பார். சந்தேகத்தில்தான் வந்தார். பிறகு பழக்கத்தில் வந்தார். தண்ணீரோ புகையோ கண்டால் முதலில் மெயின் சுவிட்சை இறக்கிவிட வேண்டும், அதற்கு முன்னால் எதையும் தொடக் கூடாது என்று மட்டும் சொல்லி வைத்திருந்தோம். ஒரு சாயங்காலம் பெரம்பலூரிலேயே வானம் பிளந்து கொட்டியது. அஞ்சலைக்குப் போன் போட்டால் போகவில்லை. பஸ்ஸும் நின்றுவிட்டது. கண்ணாடிக்கடையும் பட்டறையும் சோப்புத் தண்ணியுமாகக் கட்டியதெல்லாம் பள்ளத்துத் தண்ணீரில் மிதப்பதுபோலவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

விடிந்ததும் நானும் பாத்திமாவும் ஓடினோம். அறைக்குள் கணுக்கால் அளவு சேறு. கருவிகள் தரையில் இல்லை. அஞ்சலையும் அவர் வீட்டுக்காரரும் பக்கத்துக் காட்டுக்காரர்களும் சுவிட்சை இறக்கிவிட்டு, எல்லாவற்றையும் தூக்கி உயரமான சிமெண்ட் மேடையில் ஏற்றியிருந்தார்கள். கூரை வெடிப்பு வழியாகத் தண்ணீர் சொட்டியதால் மேலே பெரிய நீலத் தார்ப்பாய் ஒன்றைப் போர்த்தி ஓரங்களில் கல் வைத்திருந்தார்கள். அடியில் கண்ணாடி காய்ந்து கிடந்தது. எனக்கு உயிர் வந்தது. வெளியே வந்த பிறகுதான் அதைப் பார்த்தேன். ரோட்டோரம் அஞ்சலை காயப் போட்டிருந்த மக்காச்சோளம் முழுக்க நனைந்து, சேற்றில் சரிந்து கிடந்தது. அறைக்குள் இருந்த தார்ப்பாய் அதன்மேல் போர்த்தியிருந்ததுதான்.

பாத்திமா கல்லூரிக்குப் போன் போட்டாள். எங்கள் மூன்றாமாண்டு வகுப்பு முழுக்க வந்து இறங்கியது. வெயில் ஏறியதும் சோளத்தை அள்ளி வேறு இடத்தில் பரப்பி, காலால் கிளறிக் கிளறிக் காயவைத்தோம். கொஞ்சம் முளைவிட்டு மாட்டுத் தீவனமாயிற்று, பெரும்பகுதி தேறியது. நடுவில் ஒருமுறை அஞ்சலையிடம் போய், "ஏங்க இப்புடிப் பண்ணீங்க? உங்க வெள்ளாமைய விட்டுட்டு?" என்றேன். அவர் கிளறுவதை நிறுத்தாமலே சொன்னார்:

"சோளம் நனைஞ்சா காய வைக்கத் தெரியும். இது நனைஞ்சா என்னா பண்றதுன்னு எனக்குத் தெரியாதே."

விருந்தாளிகள்

ஈரம் போனதும் பயந்து பயந்து மின்சாரத்தை ஏற்றினோம். திரையில் புள்ளிகள் வந்தன. சில மாதங்களில், வெளியே வந்ததைவிடப் பாறைக்குள் எவ்வளவு குறைந்தது என்று ஒரு வளைகோடு அழகாக இறங்கியது. எதிர்பார்த்த கோட்டுக்குப் பக்கத்திலேயே வந்தது. அதைப் பார்க்க நிலையத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அஞ்சலை அவர்களைக் கொஞ்ச நேரம் வாசலில் நிறுத்தி, பாத்திமா தலையாட்டிய பிறகுதான் பூட்டைத் திறந்தார். எங்கள் வேலையை அடுத்த கட்டத்துக்கும் நீட்டிப்பதாக அவர்கள் அங்கேயே சொன்னார்கள். நானும் பாத்திமாவும் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம், சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பிறகு எல்லோரும் அஞ்சலை வீட்டில் வேகவைத்த சோளக் கதிரும் டீயும் சாப்பிட்டோம். வந்தவர்களில் மூத்தவர், இந்தக் கருவிக்கு உள்ளூரில் யார் பொறுப்பு என்று விசாரித்தார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலை முந்திக்கொண்டார்:

"கணக்கு வழக்கெல்லாம் இந்த ரெண்டு பொண்ணுங்க பார்த்துக்கும். ஒழுவுனா நான் பார்த்துக்குவேன்."

இயற்பியல் படித்தால் பிரபஞ்சம் புரியும் என்று சொல்லித்தான் என்னை இந்தப் படிப்பில் சேர்த்தார்கள். பிரபஞ்சம் இன்னும் பாக்கி இருக்கிறது, பெரம்பலூரும் அரியலூரும் கொஞ்சம் புரிந்திருக்கின்றன.